ஐஸ் ஃபேக்டரியில் அமோனியா டிடெக்டர்: அலாரம் அளவு வைப்பது முதல் சென்சார் மாற்றுவது வரை

மீன்பிடித் துறைமுகங்களை ஒட்டிய ஐஸ் ஃபேக்டரிகளிலும், இறால் மீன் பதப்படுத்தும் ஆலைகளிலும், கோல்டு ஸ்டோரேஜ்களிலும் குளிரூட்டப் பயன்படும் அமோனியா கசிந்தால் காட்ட, கம்ப்ரசர் ரூம் கூரைக்குக் கீழே ஒரு டிடெக்டர் மாட்டியிருப்பார்கள். வெளியே பேனலில் அதன் எண் ‘0 பி.பி.எம்.’ என்று பச்சையாக எரிந்துகொண்டிருக்கும். பி.பி.எம். என்றால் காற்றின் பத்து லட்சம் பங்கில் எத்தனை பங்கு என்ற கணக்கு. அறையில் அமோனியா இல்லை என்றாலும் அந்த 0 வரும். உள்ளே இருக்கும் சென்சார் செத்துப்போயிருந்தாலும் அதே 0 வரும். பேனலை மட்டும் பார்த்து இரண்டையும் பிரித்துச் சொல்ல முடியாது.

காரணம் சென்சாரின் அமைப்பிலேயே இருக்கிறது. அமோனியாவைப் பி.பி.எம். அளவில் அளக்கப் பெரும்பாலும் மின்வேதி சென்சார்தான் பயன்படுகிறது. வாயு உள்ளே போய் எலெக்ட்ரோடில் வினை புரிந்தால் சிறு மின்னோட்டம் பிறக்கும். வாயு இல்லை என்றால் மின்னோட்டமும் இல்லை. எலெக்ட்ரோலைட் காய்ந்த சென்சாரிலும் மின்னோட்டம் வராது. வயர் அறுந்தால் பேனல் ‘ஃபால்ட்’ காட்டிவிடும். சென்சார் செத்தால் பல மாடல்களில் எதையும் காட்டாது. செல்லைத் தானே சோதித்துக்கொள்ளும் புது மாடல்கள் இருக்கின்றன. ஆனாலும் வாயு உள்ளே நுழையும் வாய் பெயின்டாலோ உப்பாலோ அடைபட்டிருந்தால், அந்தச் சோதனை எல்லாவற்றிலும் பிடித்துவிடும் என்று நம்ப முடியாது. அதனால்தான் கீழே சொல்லும் வேலைகள் எல்லாவற்றிலும் ‘வாயு காட்டிப் பார்ப்பதை’ முதல் இடத்தில் வைக்கிறேன். மற்றதில் ஒரு நாள் முன்னே பின்னே போனாலும் சமாளிக்கலாம், இதில் போகக் கூடாது.

எத்தனை டிடெக்டர், எந்த ரகம்

ஒரே டிடெக்டர் எல்லா வேலையையும் செய்யாது. ஆளைக் காப்பாற்றும் அலாரத்துக்கு மின்வேதி சென்சார் வேண்டும். 0 முதல் 300 பி.பி.எம். வரை அளப்பது வசதி. 300 என்ற எண் வெறுமனே வந்ததல்ல. அமெரிக்காவின் தொழில்சார் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷ், உயிருக்கும் உடல்நலத்துக்கும் உடனடி ஆபத்து என்று அமோனியாவுக்கு வகுத்திருக்கும் அளவு அது. அதற்கு மேல் துல்லியமாக அளந்து ஆகவேண்டியது ஒன்றுமில்லை, வெளியேற வேண்டியதுதான்.

அமோனியா எரியவும் செய்யும். காற்றில் ஏறக்குறைய 15 முதல் 28 சதவீதம் வரை கலந்திருக்கும்போது தீப்பொறி பட்டால் பற்றும். இந்த 15 சதவீதக் கீழ் எல்லையைத்தான் எல்.இ.எல். என்பார்கள், அதாவது 1,50,000 பி.பி.எம். அந்த எல்லைக்கு மின்வேதி சென்சார் உதவாது. பெரிய ரிசீவர் (திரவ அமோனியாத் தொட்டி), லிக்விட் பம்ப் இருக்கும் இடங்களில் கேட்டலிட்டிக் (சூடான சிறு மணியில் வாயுவை எரித்து அளப்பது) அல்லது இன்ஃப்ராரெட் வகை எல்.இ.எல். டிடெக்டர் ஒன்றைத் தனியாக மாட்ட வேண்டும். கேட்டலிட்டிக் டிடெக்டரை மீத்தேன் வைத்துக் கேலிபரேட் செய்து (அளவு தெரிந்த வாயுவைக் காட்டி எண்ணைத் திருத்தி) அமோனியாவுக்கு அப்படியே விட்டுவிடுவது பல இடங்களில் நடக்கிறது. காட்டும் எண் தவறாகத்தான் இருக்கும். தயாரிப்பாளர் தரும் திருத்தக் காரணியைப் போட்டுக்கொள்ள வேண்டும்.

எங்கே மாட்டுவது

அமோனியா வாயு காற்றைவிட இலேசு, சுமார் 0.6 மடங்குதான். எனவே கூரையிலிருந்து ஒன்று இரண்டு அடி கீழே, கம்ப்ரசருக்கு மேலாக, எக்ஸாஸ்ட் ஃபேன் காற்றை இழுக்கும் பாதையில் மாட்டுவது வழக்கம். அது சரி. ஆனால் திரவமாகக் கசியும்போது கதை வேறு. மைனஸ் 33 டிகிரியில் கொதிக்கும் திரவம் வெளியே பீய்ச்சும்போது சில்லென்ற வெண்புகையாகி, முதலில் தரையோடு தரையாகத்தான் பரவும். லிக்விட் பம்ப், ஆயில் டிரெயின் வால்வு, ரிசீவரின் அடிப்பகுதி இருக்கும் இடங்களில் ஆள் மூச்சு விடும் உயரத்தில், அதாவது தரையிலிருந்து ஏறக்குறைய 5 அடியில், இன்னொன்று இருக்கட்டும்.

புதுக் காற்று உள்ளே வரும் ஜன்னலுக்கு எதிரே மாட்டாதீர்கள், அங்கே எப்போதும் 0தான் காட்டும். அதிரும் கம்ப்ரசர் சட்டத்திலும் மாட்டாதீர்கள். சென்சாரின் வாய் கீழ்நோக்கி இருக்க வேண்டும், தண்ணீர் தெறிக்கும் இடமென்றால் ஸ்ப்ளாஷ் கார்டு போட வேண்டும். பிளாஸ்ட் ஃப்ரீசர் கதவருகே மாட்டுவதானால், சென்சாரின் கீழ் வெப்ப எல்லையைத் தகவல் தாளில் பார்த்துவிட்டு மாட்டுங்கள். கதவு திறக்கும் ஒவ்வொரு முறையும் குளிர்ந்த சென்சார் மேல் கடற்கரைக் காற்றின் ஈரம் படிந்து துளித்துளியாக நிற்கும். அந்தத் துளி சவ்வை மூடிக்கொண்டால் வாயு உள்ளே போகாது.

இன்னொன்றும் மறக்கக் கூடாது: ஏணி போட்டு எட்ட முடியாத இடத்தில் மாட்டிய டிடெக்டரை யாரும் சோதிக்க மாட்டார்கள். அப்படித்தான் மாட்ட வேண்டும் என்றால், கேலிபரேஷன் டியூபைக் கீழே வரை நிரந்தரமாக இறக்கிவிடுங்கள். அமோனியா டியூபின் உட்சுவரில் ஒட்டிக்கொள்ளும் என்பதால் அது டெஃப்லானாகவும் முடிந்தவரை குட்டையாகவும் இருக்கட்டும்.

வயரிங்கும் மில்லி ஆம்ப் கணக்கும்

பெரும்பாலான டிடெக்டர்கள் 24 வோல்ட் டி.சி.யில் ஓடி, 4 முதல் 20 மில்லி ஆம்ப் சிக்னல் தருபவை. 4 என்றால் 0 பி.பி.எம்., 20 என்றால் முழு அளவு. கணக்கு இதுதான்: பி.பி.எம்.மை முழு அளவால் வகுத்து, 16ஆல் பெருக்கி, 4ஐக் கூட்டுங்கள். 300 பி.பி.எம். டிடெக்டரில் 25 பி.பி.எம். என்பது 5.33 மில்லி ஆம்ப், 150 என்பது சரியாக 12, 200 என்பது 14.67. இந்த மூன்று எண்களையும் பேனல் கதவின் உள்பக்கம் மார்க்கரால் எழுதி வையுங்கள். பேனலின் முழு அளவை யாரோ 100 என்றும் டிடெக்டரை 300 என்றும் வைத்திருந்தால், 150 பி.பி.எம். கசிவு பேனலில் 50 என்று காட்டும். அலாரம் 100ல் வைத்திருந்தால் அடிக்கவே அடிக்காது. டிடெக்டரை மாற்றிய பிறகு பேனலை மாற்ற மறப்பதால் வரும் இந்தக் கோளாறை, ஒரு மல்டிமீட்டர் வைத்து ஐந்து நிமிடத்தில் கண்டுபிடித்துவிடலாம்.

3.6 மில்லி ஆம்புக்குக் கீழே போனால் ஃபால்ட் என்று பேனலில் வையுங்கள். சில மாடல்கள் கேலிபரேஷன் நேரத்தில் தாமாகவே 2 அல்லது 3 மில்லி ஆம்ப் தந்து, ‘நான் இப்போது அளவெடுக்கவில்லை’ என்று சொல்லும். அது எந்த எண் என்று மேனுவலில் பார்த்துப் பேனலில் பதியுங்கள்.

கேபிள் ஷீல்டு உள்ளதாக இருக்கட்டும். ஷீல்டை பேனல் முனையில் மட்டும் எர்த் செய்யுங்கள். கம்ப்ரசர் மோட்டாரின் வி.எஃப்.டி. (வேகத்தை மாற்றும் கருவி) கேபிளோடு ஒரே டிரேயில் ஓட்டினால், மோட்டார் ஸ்டார்ட் ஆகும்போதெல்லாம் பேனலில் எண் துள்ளும். 1.5 சதுர மி.மீ. செம்புக் கம்பிக்குக் கிலோமீட்டருக்குச் சுமார் 12 ஓம் தடை உண்டு. தூரம் அதிகமென்றால் டிடெக்டர் டெர்மினலில் மீட்டர் வைத்து வோல்டேஜைப் பாருங்கள். பேனலில் 24 இருப்பது போதாது, டிடெக்டருக்கு எவ்வளவு போய்ச் சேருகிறது என்பதுதான் கணக்கு.

பேனல் கம்ப்ரசர் ரூமுக்கு வெளியே, யு.பி.எஸ்.ஸில் இருக்க வேண்டும். மின்வெட்டும் கசிவும் சேர்ந்து வரக்கூடியவை. கம்ப்ரசர் நின்றால் பிளான்டில் அழுத்தம் மெல்ல ஏறும், பழைய சீல்கள் அப்போதுதான் கைவிடும்.

அலாரம் அளவுகள்

எந்த எண்ணை வைப்பது என்று கேட்பதற்கு முன், அந்த எண் வந்தவுடன் ஆள் என்ன செய்ய வேண்டும் என்று முடிவு செய்யுங்கள். செயல் இல்லாத அலாரம் வெறும் சத்தம்.

அடிப்படை எண்கள் சில உண்டு. நம் நாட்டின் 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம், அதன் இரண்டாம் அட்டவணையில் அமோனியாவுக்கு எட்டு மணி நேரச் சராசரியாக 25 பி.பி.எம்., 15 நிமிடக் குறுகிய நேரத்துக்கு 35 பி.பி.எம். என்று வகுத்தது. அமெரிக்காவில் உள்ள அமோனியாக் குளிரூட்டல் துறை அமைப்பான ஐ.ஐ.ஏ.ஆர்.இன் ‘ஐ.ஐ.ஏ.ஆர். 2’ தரநிலை கம்ப்ரசர் ரூமுக்கு மூன்று படிகள் சொல்கிறது: 25 பி.பி.எம்.மில் எச்சரிக்கை, 150ல் அவசரக் காற்றோட்டம், 40,000ல் கம்ப்ரசர், பம்ப்களுக்கு மின்சாரம் துண்டிப்பு. ஐரோப்பாவின் இ.என். 378 தரநிலை முன்னெச்சரிக்கையை 500 பி.பி.எம்.மிலும் முக்கிய அலாரத்தை 30,000 பி.பி.எம்.மிலும் வைக்கிறது. 500 என்பது கருவிக்கும் தீ ஆபத்துக்கும் பொருந்தலாம். பக்கத்திலேயே ஆட்கள் ஐஸ் உடைத்து ஏற்றும் இடத்தில் என் கணக்கில் அது மிக அதிகம்.

நான் பரிந்துரைப்பது இப்படி:

முதல் படி, 25 பி.பி.எம். ஆபரேட்டர் டேபிளில் பஸ்ஸர், கதவுக்கு மேல் மஞ்சள் விளக்கு, எக்ஸாஸ்ட் ஃபேன் தானாக ஓட வேண்டும். ஃபேனை 150 வரை காக்கவைப்பதில் எனக்கு உடன்பாடில்லை. ஃபேன் ஓடுவதால் ஆகும் மின்செலவு மிகக் குறைவு. கசிவு சிறிதாக இருக்கும்போதே அறை சுத்தமாகிவிடும். ஆபரேட்டர் செய்ய வேண்டியது: வெளியிலிருந்து எண்ணைப் பார்ப்பது, அது ஏறுகிறதா இறங்குகிறதா என்று கவனிப்பது, ஆளை அழைப்பது.

இரண்டாம் படி, 150 பி.பி.எம். அறைக்கு உள்ளேயும் வெளியேயும் ஹூட்டர், சிவப்புச் சுழல் விளக்கு. எல்லோரும் வெளியேறி, காற்று வரும் திசைக்குப் போய்க் கூட வேண்டும். சுவாசக் கருவி மாட்டிய, பயிற்சி பெற்ற இருவர் தவிர யாரும் உள்ளே போகக் கூடாது. பச்சை நிற வடிகட்டி போட்ட முகமூடி அமோனியாவுக்கானதுதான், ஆனால் 300 பி.பி.எம்.மைத் தாண்டிய இடத்துக்கு அது போதாது. காற்று சிலிண்டர் உள்ள கருவிதான் வேண்டும். பேனல் ஓவர் ரேஞ்ச் காட்டினால் 300ஐத் தாண்டிவிட்டது என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாம் படி எல்.இ.எல். டிடெக்டரிலிருந்து: 25 சதவீத எல்.இ.எல்., அதாவது ஏறக்குறைய 40,000 பி.பி.எம். கம்ப்ரசர், பம்ப், அறை விளக்குகள் எல்லாம் நிற்க வேண்டும், எக்ஸாஸ்ட் ஃபேன் மட்டும் நிற்கக் கூடாது. அதற்கு அந்த ஃபேன் மோட்டாரும் வயரிங்கும் எரியும் வாயு உள்ள இடத்துக்கு ஏற்ற ரகமாக இருக்க வேண்டும். வாங்கும்போதே இதைப் பார்க்காவிட்டால் பின்னால் ஒன்றும் செய்ய முடியாது.

மூக்கே போதாதா என்று பழைய ஆபரேட்டர்கள் கேட்பார்கள். அமோனியா வாசனை சில பி.பி.எம்.மிலேயே தெரியும், உண்மைதான். ஆனால் எட்டு மணி நேரம் அதிலேயே நிற்பவருக்கு மூக்கு பழகிவிடும். அதோடு, இரவு இரண்டு மணிக்கு ஆளில்லாத அறையில் மூக்கு ஏது?

ரிலே, தாமதம், லாட்ச்

பேனல் மெனுவில் கண்ணில் படும் சின்னச் சின்ன அமைப்புகள்தான் அலாரத்தை ஆக்குவதும் கெடுப்பதும்.

ஃபால்ட் ரிலே எப்போதும் மின்சாரம் பெற்றே இருக்க வேண்டும். பேனல் செத்தால் ரிலே விழுந்து தகவல் வரும். ஃபேன் ரிலேயையும் அப்படியே வைப்பது என் விருப்பம்: பேனலில் கரன்ட் போனால் ஃபேன் ஓடத் தொடங்கட்டும். ரிலேயின் காண்டாக்ட் சில ஆம்பியர்தான் தாங்கும், ஃபேன் மோட்டாரை நேரடியாக அதில் கொடுத்தால் ஒட்டிக்கொள்ளும் அல்லது கருகும். இடையில் காண்டாக்டர் கட்டாயம்.

முதல் படியை லாட்ச் செய்யாமல் விடலாம். வாயு இறங்கினால் தானே அணையும். இரண்டாம் படி லாட்ச் ஆக வேண்டும். ஆள் வந்து பார்த்து ரீசெட் செய்யும் வரை விளக்கு எரியட்டும், இரவில் வந்து போன கசிவு காலையில் வருபவருக்குத் தெரிய வேண்டுமே. 25ல் அடித்து 24ல் அணைந்து மறுபடி 25ல் அடிக்கும் தொல்லைக்கு ஹிஸ்டரிசிஸ் 3 பி.பி.எம். போடுங்கள், 22க்கு இறங்கினால்தான் அலாரம் அணையும். தாமதம் முதல் படிக்கு 5 முதல் 10 விநாடி போதும், இரண்டாவதுக்கு வேண்டாம். மின்வேதி சென்சாருக்கே எண்ணின் பெரும்பகுதியை எட்ட ஒரு நிமிடம் போல ஆகும், அதன் மேல் நீங்களும் நேரம் சேர்க்காதீர்கள்.

ஹூட்டரும் விளக்கும் கதவுக்கு வெளியேயும் இருந்தாக வேண்டும். உள்ளே இருப்பவருக்குக் கண்ணெரிச்சல் வந்துவிடும், அவர் ஓடி வந்துவிடுவார். ஆபத்து, ஒன்றும் தெரியாமல் வெளியிலிருந்து கதவைத் திறந்து உள்ளே போகிறவருக்குத்தான்.

“அண்ணே, தினமும் கத்துது”

எந்த ஐஸ் பிளான்டுக்குப் போனாலும் இந்தப் பேச்சைக் கேட்கலாம். “அண்ணே, ஆயில் எடுக்கும்போதெல்லாம் கத்துது. பக்கத்து வீட்டுக்காரங்க சண்டைக்கு வர்றாங்க. 100ல வெச்சுட்டுப் போங்க.” அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது, கேட்பதில் இல்லை. ஆயில் டிரெயின் செய்யும்போது அமோனியா வெளியேறுகிறது என்பதை டிடெக்டர் சரியாகத்தான் சொல்கிறது. 25ஐ 100 ஆக்கினால் அந்தச் சத்தம் நிற்கும். அதோடு ஷாஃப்ட் சீல் மெல்லக் கசிந்து 60, 70 பி.பி.எம்.மில் அறை நாட்கணக்கில் கிடப்பதும் யாருக்கும் தெரியாமல் போகும்.

செய்ய வேண்டியவை வேறு. ஆயிலை ஆயில் பாட் (ஆயில் சேரும் சிறு கலன்) வழியாக, அமோனியாவை சக்ஷனுக்கு, அதாவது கம்ப்ரசர் உறிஞ்சும் பக்கத்துக்கு, இழுத்த பிறகு எடுங்கள், தானே மூடிக்கொள்ளும் வால்வு போடுங்கள். ஏர் பர்ஜிங் (உள்ளே புகுந்த காற்றை வெளியேற்றும்) குழாயைத் தண்ணீரில் விடுங்கள், அமோனியா தண்ணீரில் நன்றாகக் கரையும். பர்மிட் எழுதி, பேனலில் நேரம் குறித்த இன்ஹிபிட் (அலாரத்தைத் தற்காலிகமாக அடக்கும் அமைப்பு) போடுங்கள். 30 நிமிடம் கழித்துத் தானாகவே நீங்கும்படி இருக்க வேண்டும். இன்ஹிபிட் போட்டிருக்கும்போது ஹூட்டர் மட்டும் அடங்கட்டும், எண்ணும் விளக்கும் ஃபேனும் வழக்கம்போல் இருக்கட்டும். வேலை செய்பவர் கையடக்க டிடெக்டர் மாட்டியிருக்க வேண்டும்.

எந்த வேலையும் நடக்காத நேரத்தில் அலாரம் அடித்தால் அது கசிவு என்றே தொடங்குங்கள். சென்சார் கோளாறு என்று சொல்ல, வாயு காட்டிச் சோதித்த சான்று வேண்டும். உண்மையிலேயே கசிவில்லை என்று தெரிந்தால், ஈரப்பதம் திடீரென்று மாறியதா, அருகில் ஹைட்ரஜன் சல்ஃபைடு உண்டா என்று பாருங்கள். மீன் கழிவுநீர்த் தொட்டி பக்கத்தில் இருந்தால் பின்னது நடக்கக்கூடியதே. பல அமோனியா சென்சார்கள் அதற்கும் அசைந்து கொடுக்கும்.

வாயு காட்டிப் பார்ப்பது

நம் ஆட்கள் பம்ப் டெஸ்ட் (bump test) என்று சொல்லும் இந்தச் சோதனை, மாதம் ஒரு முறை. புதுப் பிளான்டில் முதல் மூன்று மாதம் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை செய்து, எண்கள் அசையாமல் இருந்தால் மாதத்துக்கு மாற்றலாம். எண்ணைத் திருத்துவது இதில் இல்லை. சென்சார் வாயுவை உணர்கிறதா, அலாரம் அடிக்கிறதா என்று மட்டும் பார்ப்பது.

அமோனியா 200 பி.பி.எம்., மிச்சம் நைட்ரஜன் உள்ள சிலிண்டர் வாங்குங்கள். 200 எதற்கென்றால், 25, 150 இரண்டு அலாரங்களையும் ஒரே மூச்சில் தாண்டிக் காட்டும். 50 பி.பி.எம். சிலிண்டரால் ஹூட்டரைச் சோதிக்கவே முடியாது. மின்வேதி சென்சாருக்கு நைட்ரஜன் கலவை பொதுவாகச் சரி, கேட்டலிட்டிக் எல்.இ.எல். சென்சாருக்குக் காற்றில் கலந்த வாயு வேண்டும், ஆக்ஸிஜன் இல்லாமல் அதன் மணியில் எதுவும் எரியாது.

கண்ணாடி சுத்தம் செய்யும் அமோனியா பாட்டிலைத் திறந்து சென்சாரில் காட்டுவது, லைட்டர் வாயுவை எல்.இ.எல். டிடெக்டரில் ஊதுவது இரண்டும் நடைமுறையில் இருக்கின்றன. எத்தனை பி.பி.எம். போனது என்று யாருக்கும் தெரியாது, அளவுக்கு மீறிப் போனால் சென்சாரே கெடும். சோதனை என்ற பெயரில் கருவியைக் கொல்வது அது.

கேலிபரேஷன், படிப்படியாக

மூன்று மாதத்துக்கு ஒரு முறை, தயாரிப்பாளர் இன்னும் குறைவாகச் சொன்னால் அதன்படி. உள்ளே போகும் முன் கன்ட்ரோல் ரூமுக்கும் ஷிஃப்ட் சூப்பர்வைசருக்கும் சொல்லுங்கள்.

1. பேனலில் அந்தச் சேனலை மட்டும் இன்ஹிபிட் செய்யுங்கள். மொத்தப் பேனலையும் அடக்காதீர்கள்.

2. டிடெக்டரைக் கண்ணால் பாருங்கள். ஃபில்டரில் தூசு, சிலந்தி வலை, உப்புப் பூ, விரிசல் விட்ட கிளாண்ட் (கேபிள் நுழையும் வாயின் இறுக்கி). மூடியைத் திறந்தால் டெர்மினலில் பச்சைப் பாசி போல் படிந்திருக்கிறதா என்று பாருங்கள். அமோனியா செம்பையும் பித்தளையையும் அரிக்கும், கடல் காற்று மீதியைப் பார்த்துக்கொள்ளும்.

3. சிலிண்டரின் காலாவதித் தேதியைப் பாருங்கள். குறைந்த அளவு அமோனியா சிலிண்டர்கள் நெடுநாள் நிற்காது, தேதி தாண்டியதில் 200 என்று எழுதியிருந்தாலும் உள்ளே குறைந்திருக்கும். அதை நம்பிக் கேலிபரேட் செய்தால் டிடெக்டர் உண்மையைவிட அதிகமாகக் காட்டும், பிறகு பொய் அலாரம்தான்.

4. ரெகுலேட்டர் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலாக இருக்கட்டும். பித்தளை வேண்டாம். ஓட்டம் நிமிடத்துக்கு அரை லிட்டர், அல்லது மேனுவல் சொல்லும் அளவு. டியூப் டெஃப்லான், முடிந்தால் ஒரு மீட்டருக்குள்.

5. முதலில் 0. அறையில் லேசாக அமோனியா இருக்கும்போது அதையே 0 என்று பதித்துவிட்டால், 8 பி.பி.எம். காற்று அன்றிலிருந்து 0 ஆகிவிடும், எல்லா எண்ணும் 8 குறைந்தே காட்டும். எனவே சுத்தக் காற்று சிலிண்டரை இரண்டு மூன்று நிமிடம் விட்டு, எண் நின்ற பிறகு 0 பதியுங்கள். அதற்கு முன் பேனல் எண்ணை நம்பாமல் மில்லி ஆம்பைப் பாருங்கள்: 3.8 என்று கீழே இறங்கியிருந்தாலும் பல பேனல்கள் 0 என்றே காட்டும்.

6. அமோனியா சிலிண்டரை மாட்டி, கப்பை (சென்சார் வாயில் மாட்டும் கேலிபரேஷன் மூடியை) வைக்கும் முன் ஒரு நிமிடம் டியூபில் ஓட விடுங்கள், நல்ல காற்றோட்டம் உள்ள இடத்தில். டியூபும் ரெகுலேட்டரும் முதலில் தங்கள் பங்கை உறிஞ்சிக்கொள்ளும்.

7. கப்பை மாட்டுங்கள். இப்போது அவசரப்படக் கூடாது. எண் 0லிருந்து சட்டென்று 60, 90 என்று ஏறும், 140 தாண்டியதும் நிதானமாகும், 170, 182, 188 என்று ஒவ்வொன்றாக நகரும். இந்த இடத்தில்தான் பலர் பட்டனை அழுத்திவிடுகிறார்கள். ஒரு நிமிடம் முழுக்க எண் அசையாமல் நிற்கும் வரை காத்திருங்கள், மூன்று முதல் ஐந்து நிமிடம் ஆகலாம். நின்ற எண்ணை, திருத்துவதற்கு முன்பே, எழுதிக்கொள்ளுங்கள். 191 என்று வந்திருந்தால் அதுதான் இந்தச் சென்சாரின் இன்றைய உண்மை நிலை.

8. ஸ்பேன் (சிலிண்டர் வாயுவின் அளவு) 200 என்று பதியுங்கள். மீட்டரில் 14.67 மில்லி ஆம்ப் வருகிறதா, பேனலிலும் 200 காட்டுகிறதா என்று இரண்டையும் பாருங்கள்.

9. வாயுவை நிறுத்தி, கப்பைக் கழற்றுங்கள். எண் 0க்கு இறங்குகிறதா, எவ்வளவு நேரத்தில் என்று பாருங்கள். பிறகுதான் இன்ஹிபிட்டை எடுக்க வேண்டும். முன்கூட்டியே எடுத்தால் ஹூட்டர் அலறும். எடுக்கவே மறந்தால் அடுத்த கசிவுக்கு யாரும் அலற மாட்டார்கள்.

சென்சாரை எப்போது மாற்றுவது

அமோனியா மின்வேதி சென்சாரின் ஆயுள் பொதுவாக இரண்டு ஆண்டு. ஆனால் சில ரகங்கள் பார்க்கும் ஒவ்வொரு பி.பி.எம்.முக்கும் தம்மையே செலவழிக்கும். எப்போதும் 10, 15 பி.பி.எம். இருக்கும் அறையில் இரண்டு ஆண்டுக்கு முன்பே தீர்ந்துவிடும். அப்படித் தீர்ந்தால் முதலில் சரிசெய்ய வேண்டியது அந்தக் கசிவை.

தேதியைவிட எண்கள் நல்ல சாட்சி. திருத்துவதற்கு முன் எழுதிய எண்கள் 196, 188, 170, 141 என்று ஒவ்வொரு கேலிபரேஷனிலும் வேகமாக இறங்கினால், அடுத்த முறைக்குக் காத்திருக்காமல் மாற்றுங்கள். ஏறும் நேரம் முன்பைவிட இரண்டு மடங்காகியிருந்தாலும் அப்படியே. முழு அளவைத் தாண்டிய பெருங்கசிவு ஒன்று கடந்து போயிருந்தால், வாயு காட்டிப் பார்க்காமல் அந்தச் சென்சாரை மறுபடி நம்பக் கூடாது.

உதிரி சென்சாரை மலிவாகக் கிடைக்கிறது என்று மொத்தமாக வாங்கி அடுக்கிவைக்காதீர்கள், ஷெல்ஃபிலும் அதற்கு வயதாகும். புதியதை மாட்டியவுடன் கேலிபரேட் செய்யாமல், மேனுவல் சொல்லும் நேரம் வரை மின்சாரத்தில் நிலைப்பட விடுங்கள்; சிலவற்றுக்குச் சில மணி நேரம், சிலவற்றுக்கு ஒரு நாள்கூட ஆகும். ஷார்ட்டிங் கிளிப்போடு வந்த சென்சாரில் அதைக் கழற்ற மறக்காதீர்கள். பழைய சென்சாரின் உள்ளே எலெக்ட்ரோலைட் இருக்கிறது, உடைத்துப் பார்க்காமல் மின்கழிவோடு ஒப்படைத்துவிடுங்கள்.

மழை, பெயின்ட், பதிவேடு

ஐப்பசி மழைக்கு முன்பே எல்லா கிளாண்டையும் இறுக்குங்கள். கேபிள் டிடெக்டருக்குள் நுழையும் முன் ஒரு வளைவு கீழே தொங்கட்டும், தண்ணீர் அங்கேயே சொட்டிவிடும். ஜங்ஷன் பாக்ஸில் ஈரம் புகுந்தால் மில்லி ஆம்ப் கசிந்து எண் அலையும், அதைச் சென்சார் கோளாறு என்று நினைத்து நல்ல சென்சாரை மாற்றுவார்கள்.

அறைக்குப் பெயின்ட் அடிக்கும்போது டிடெக்டருக்குப் பாலிதீன் பை கட்டுவது சரியான செயல். கட்டியவரின் பெயரையும் எப்போது கழற்ற வேண்டும் என்பதையும் பர்மிட்டில் எழுதுங்கள். பை கட்டிய டிடெக்டரும் 0தான் காட்டும். கேட்டலிட்டிக் டிடெக்டர் இருக்கும் அறையில் சிலிகோன் ஸ்ப்ரே, சிலிகோன் சீலன்ட் பயன்படுத்தவே வேண்டாம், அந்த ஆவி சென்சாரை நிரந்தரமாகக் கெடுத்துவிடும்.

பதிவேட்டில் வேண்டியவை: டிடெக்டர் எண், சென்சார் மாட்டிய தேதி, சிலிண்டர் எண்ணும் காலாவதியும், திருத்தும் முன் எண், திருத்திய பின் எண், ஏற எடுத்த நேரம், செய்தவர் கையெழுத்து. அலாரம் அளவில் மாற்றம் செய்தால் யார் அனுமதித்தார், ஏன் என்பதும். பேனல் பாஸ்வேர்டு மேனுவலில் அச்சிட்டபடியே இருந்தால் மாற்றுங்கள்.

ஆண்டுக்கு ஒரு முறை, முழுச் சங்கிலி

மாதச் சோதனையில் ஹூட்டர் அடித்ததோடு நிறுத்திவிடுகிறோம். ஆண்டுக்கு ஒரு நாள், பிளான்ட் நிற்கும் நேரமாகப் பார்த்து, எந்த இன்ஹிபிட்டும் இல்லாமல் வாயு காட்டுங்கள். 25ல் ஃபேன் தானாக ஓடியதா, ஓடியது சரியான திசையில் காற்றை வெளியே தள்ளியதா என்று கதவருகே ஒரு துணியைப் பிடித்துப் பாருங்கள். மோட்டார் ரீவைண்டிங் முடிந்து வந்த பிறகு ஃபேஸ் மாறி, ஃபேன் தலைகீழாகச் சுற்றுவது உண்டு. 150ல் வெளி ஹூட்டர் ஐஸ் கிரஷர் ஓடும் இடத்திலும் கேட்டதா என்று அங்கே ஆளை நிறுத்திக் கேளுங்கள். எல்.இ.எல். டிடெக்டரில் 25 சதவீதம் தாண்டியதும் கம்ப்ரசர் பிரேக்கர் விழுந்ததா, ஃபேன் மட்டும் ஓடிக்கொண்டிருந்ததா என்று பாருங்கள். பிறகு பேனலின் மெயின் சப்ளையை அணைத்து, யு.பி.எஸ். எத்தனை நிமிடம் தாங்குகிறது என்று கடிகாரம் வைத்து எழுதுங்கள். அதே நாளில் இரவு ஷிஃப்ட் ஆட்களையும் வரவழைத்து, ஹூட்டர் கேட்டவுடன் காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று பார்த்து எந்தக் கேட் வழியே போக வேண்டும் என்பதை நடந்தே காட்டச் சொல்லுங்கள்.